படுக்கிற அறைக்கு முட்டு

சுத்தியலின் பின்பக்கத்தால் கூரையைத் தட்டிப் பார்ப்பது முட்டுக்காரருக்குப் பழகின வேலைதான். டாக்டர் நெஞ்சைத் தட்டுகிற மாதிரி தட்டுவார், காதைக் கொடுத்துக் கேட்பார், "ம்" என்பார். அந்த "ம்" வந்துவிட்டால் அதன் கீழே காலை நீட்டி உட்கார்ந்து சோறு தின்னலாம். ஊரடங்கு தொடங்கின பிறகு ஒரு மதியம், தாங்கள் படுத்து எழும்புகிற அறையின் கூரையைத் தட்டிப் பார்த்துவிட்டு அவர் "ம்" சொல்லாமலே சாரத்திலிருந்து இறங்கினார். அவர் பெண்டாட்டிக்கு அரிசி களைந்த கை அப்படியே நின்றது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. சத்தம் கொஞ்சம் வேற மாதிரி இருக்கு."

"வேற மாதிரின்னா?"

"வேற மாதிரின்னா வேற மாதிரி. நீ சோத்தப் பாரு."

அவளைக் கட்டட வேலையில் எல்லோரும் சித்தாள் என்றுதான் கூப்பிடுவார்கள். கலவை சுமக்கிறவளுக்கு அதற்குமேல் பேர் எதற்கு என்று விட்டுவிட்டார்கள் போல. அவருக்கு முட்டுக்காரர் என்ற பேர் மரியாதையோடு வந்தது. தளம் போடுகிறபோது கீழே தகடு பரப்பி, அந்தத் தகட்டை வரிசை வரிசையாகக் கம்பு நிறுத்தித் தாங்குவார்கள். அதற்குத்தான் முட்டுக் கொடுப்பது என்று பேர். ஒவ்வொரு கம்பின் காலடியிலும் ஒரு மர ஆப்பு. இந்தப் பக்கம் ஒரு தட்டுத் தட்டினால் கம்பு இறுகும், அந்தப் பக்கம் தட்டினால் தளரும். மேலே கொட்டின கான்கிரீட் இறுகிக் கல்லான பிறகு கம்புகளை எடுப்பார்கள். எதை முதலில் எடுப்பது, எதைக் கடைசியில் எடுப்பது என்பதில்தான் கீழே நிற்கிறவன் உயிர் இருக்கிறது. அதில் அவர் கை தப்பினதே இல்லை.

ஊரை அடைக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்த காலையில் கொத்தனார்கள், கம்பி கட்டுகிறவர்கள், கலவை போடுகிறவர்கள் எல்லோரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். காண்ட்ராக்டர் காரில் ஏறின பிறகு கண்ணாடியை இறக்கி, "சிமெண்டும் கம்பியும் கிடக்கு, நீங்க இருந்து பார்த்துக்கங்க, பத்து நாள்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். பத்து நாள் எப்போதோ போய்விட்டது. அந்தப் பாதி வீட்டில் மிஞ்சினது முட்டுக்காரர், சித்தாள், அவர்களுடைய பாப்பா, சித்தாளின் தம்பி. தம்பிக்கு ரிங்கு என்று பேர். கம்பி வளைத்து ரிங் போடுகிறவன். வாயும் அப்படித்தான், எதையும் வளைத்துத்தான் பேசும்.

பெரிய வீடு அது. கீழ்த்தளம் போட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. மாடிச் சுவர் இன்னும் எழும்பவில்லை. முன்பக்கம் வாசலுக்கு மேலே, கார் நிறுத்துகிற அகலத்துக்குத் தளம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குத் தூண் கிடையாது. தூண் இல்லாமல் நின்றால்தான் அழகு என்று வீட்டுக்காரர் சொன்னாராம். அந்த நீட்டுத் தளத்துக்குக் கீழே மட்டும் நெட்டு நெட்டாகக் கம்புகள் நின்றன. அவற்றுக்கு நடுவே நுழைந்துதான் இவர்கள் போக வர வேண்டும். பின்வாசல் வைக்க விட்டிருந்த இடத்தைச் செங்கல் அடுக்கி அடைத்தாகிவிட்டது.

கூரைச் சத்தம் வேறு மாதிரி கேட்டது எதனால் என்று சித்தாளுக்குத் தெரியும். அதற்கு முந்தின நாள் ஒரு போன் வந்தது. முட்டுக்காரரோடு எத்தனையோ வருஷம் ஒரே கம்பின் இந்த நுனியும் அந்த நுனியும் பிடித்த கூட்டாளி ஒருத்தர் இருந்தார். நெட்டை என்பார்கள். நெட்டையும் மற்றவர்களோடு நடந்தே ஊருக்குப் போனவர்தான். போய்ச் சேர்ந்த இடத்தில் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் வைத்து, மூச்சு முட்டிப் போய்விட்டார் என்று போனில் சொன்னார்கள். முகத்தைக்கூட யாருக்கும் காட்டவில்லையாம். பிளாஸ்டிக்கில் சுற்றிக் குழிக்குள் தள்ளினார்களாம்.

முட்டுக்காரர் அழவில்லை. போனைக் கீழே வைத்துவிட்டு மல்லாந்து படுத்தார். வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். "அது என்னா கோடு?" என்று கேட்டார். "தகட்டு இணைப்புங்க, கான்கிரீட் போட்டப்பவே விழுந்த கோடு. நீங்கதான் தகடு அடிச்சீங்க" என்றாள் அவள். "அப்படியா?" என்றார். அந்த "அப்படியா"வில் ஏதோ ஒன்று சரியில்லை.

மறுநாள் தட்டிப் பார்த்தார். அதற்கு மறுநாள் முற்றத்தில் குவித்து வைத்திருந்த உபரிக் கம்புகளில் ஒன்றைத் தோளில் கொண்டுவந்து அறை நடுவில் நிறுத்தி ஆப்பு வைத்தார்.

ரிங்கு சிரித்தான். "மாமா, ஊரெல்லாம் முட்டுக் குடுத்து இப்ப நமக்கே ஆப்பு வெச்சுட்டீங்களே."

"சிரிடா சிரி. மேல இருந்து வரும்போது பல்லு முதல்ல போகும்."

"எங்க பல்லு? இருக்கிற அரிசியில கல்லு கடிச்சே பாதி போச்சு."

முட்டுக்காரரும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்துச் சித்தாள் மனம் கொஞ்சம் ஆறினாள். கை சும்மா இருந்தால் மனுஷனுக்கு எதையாவது செய்யத் தோன்றும்தானே, ஒரு கம்போடு போகட்டும் என்று நினைத்தாள்.

ஒரு கம்போடு போகவில்லை. பாப்பா படுக்கிற மூலைக்கு ஒன்று, அடுப்பு மூலைக்கு ஒன்று, பிறகு அவற்றுக்கு இடையில் ஒன்று என்று வந்துகொண்டே இருந்தன. பாயை முழுசாக விரிக்க முடியாமல் போனது. காலை மடக்கி, கம்பைச் சுற்றி வளைந்து படுக்க வேண்டியிருந்தது. சோறு வடிக்கப் பானையைத் தூக்கினால் முழங்கை கம்பில் இடிக்கும். இடித்தால் அவர் முகம் வெளுத்துவிடும். எழுந்து வந்து அந்தக் கம்பின் ஆப்பைத் தடவிப் பார்ப்பார்.

"மெதுவா நட. மெதுவாப் பேசு. சத்தம் போட்டா மேல அதிரும்."

"நான் பேசுற சத்தத்துக்கா கான்கிரீட் விழும்?" என்றாள் அவள்.

"எதுக்கு விழும்னு யாருக்குத் தெரியும்? ஒரு தும்மலுக்கு மனுஷன் விழலையா?"

அவள் பானையைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்தாள்.

ஜன்னல் வைக்க விட்ட ஓட்டைகளுக்குத் தகடு அடித்தார். காற்றில் வருகிறது என்று யாரோ சொன்னார்களாம். தகடு அடித்தபின் அறைக்குள் பகலிலும் மங்கல்தான். வாசல் வழியாக வருகிற வெளிச்சத்தில் கம்புகளின் நிழல் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடக்கும். அதற்குள் பாப்பா அரவமில்லாமல் நுழைந்து நுழைந்து போய் வருவாள். முன்பெல்லாம் காட்டுக்கத்தல் கத்துகிற பிள்ளை. இப்போது தண்ணீர் கேட்பதற்குக்கூட அம்மாவின் சேலையை இழுத்து வாயை அசைத்துக் காட்டினாள். வெளியே மணலில் போய் விளையாடு என்றால் அப்பா முகத்தைப் பார்த்தாள். அப்பா தலையாட்டாமல் அவள் வாசற்படி தாண்டுவதில்லை.

வெளியே மட்டும் என்ன வாழ்ந்தது? தெருவுக்கு எதிரே ஒரு மாடி வீடு. அதன் மொட்டை மாடியில் ஒரு மனிதர் காலையிலிருந்து சாயங்காலம் வரை சுற்றிச் சுற்றி நடப்பார். ரிங்கு அவருக்கு நடைராசா என்று பேர் வைத்தான். "ஊருக்கு நடந்து போனவன்கூட இவ்ளோ தூரம் நடந்திருக்க மாட்டான்க்கா" என்பான். அடுத்த வீட்டம்மா தன் வீட்டு இரும்பு கேட்டைச் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவுவாள். கழுவி முடித்து உள்ளே போய், திரும்ப வந்து கழுவுவாள். சில நாளாக நடைராசா நடப்பதையும் விட்டுவிட்டார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே தெருவைப் பார்த்தபடி நின்றார். அதைப் பார்க்கும்போது சித்தாளுக்கு அவர் நடந்ததே தேவலை என்றிருந்தது. தெருவில் ஆம்புலன்ஸ் போனால் எல்லா வீட்டுத் திரையும் ஒரே மாதிரி அசையும். யாரும் வெளியே வர மாட்டார்கள்.

அவள் இஞ்சினியருக்குப் போன் போட்டாள். நல்ல மனிதர், எடுத்தார். அவர் குரலும் தூங்கி ரொம்ப நாளான குரலாகத்தான் இருந்தது.

"அந்த ரூம் தளமா? அதுமேல யானை நடந்தாலும் ஒண்ணும் ஆகாதும்மா. அவருக்கே தெரியுமே."

"தெரியும் சார். தெரிஞ்சும் கேக்க மாட்டேங்குறாரு."

"சரி, வெச்சுட்டுப் போகட்டும். முட்டு வெச்சா தளத்துக்குக் கெடுதல் இல்ல. ஆனா ஒண்ணு. முன்னால நீட்டிட்டு இருக்கே, அதுல மட்டும் கை வெக்கக் கூடாது. அதுக்கு மேல, பின்பக்கமா சுவர் ஏறி எடை உக்காந்தாத்தான் அது தானா நிக்கும். இப்போதைக்குக் கம்பு மேலதான் நிக்குது. எத்தனை மாசம் ஆனாலும் சரி, கம்பை எடுத்தா கவுந்துடும்."

"அதை அவர் தொட மாட்டாரு சார். அது அவருக்குப் பால்குடி மறந்த நாள்ல இருந்தே தெரியும்."

"அப்ப சரி. டாக்டர் யாராவது கிட்ட..." என்று இழுத்து, மனசு சரியில்லாதவர்களுக்கு என்று ஒரு நம்பர் இருப்பதாகச் சொன்னார். யானை நடக்கும் என்று இஞ்சினியர் சொன்னதைப் புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள், எடுபடவில்லை. அந்த நம்பரில் வெகுநேரம் பாட்டுப் பாடியது. பிறகு ஒரு பெண் பேசினாள். பொறுமையாகத்தான் கேட்டாள். "அவருக்குப் பிடிச்ச வேலையில ஈடுபடுத்துங்கம்மா" என்றாள்.

"பிடிச்ச வேலையத்தான் செஞ்சிட்டு இருக்காரு" என்று சொல்லிவிட்டுச் சித்தாள் போனை வைத்தாள். ரிங்கு அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு எங்கே போய் முடியுமோ என்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

முற்றத்துக் குவியல் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் மண்ணில் அது கிடந்த தடம் மட்டும் மிஞ்சியது. அன்றைக்குச் சித்தாள் உள்ளூரச் சந்தோஷப்பட்டாள். வைக்கக் கம்பு இல்லை, இனி நிறுத்துவார். அன்று சாயங்காலம் அவர் எதுவும் செய்யாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். உட்கார இடமில்லாமல் தோளோடு தோள் ஒட்டித்தான் உட்கார வேண்டியிருந்தது.

"என்னங்க, மனசுல என்ன இருக்கு, சொல்லுங்களேன்."

"நெட்டைக்கு அந்தப் பக்கம் யாரும் பிடிக்கல" என்றார். "கம்பத் தூக்குனா ரெண்டு பேரு வேணும். ஒத்தையா விட்டுட்டேன்."

"நீங்களா விட்டீங்க? அவருதான கிளம்பிப் போனாரு."

"ம்" என்றார். ஆனால் அது பழைய "ம்" இல்லை.

மறுநாள் காலை ரிங்கு கடைக்குப் போனான். சித்தாள் குடத்தை எடுத்துக்கொண்டு தெருமுனைக் குழாய்க்குப் போனாள். லாரித் தண்ணீர் நின்றுபோனதால் எல்லோரும் அந்த ஒற்றைக் குழாய்க்குத்தான். ஆளுக்கு ஆள் இடம் விட்டு வரிசை நீண்டு கிடந்தது. முன்னால் ஒருத்தி இருமினாள் என்று பெரிய சண்டை வேறு. வெயில் உச்சிக்கு வருகிற வரை நின்று, ஒரு குடம் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

வீட்டைப் பார்க்கும்போதே ஏதோ மாறியிருந்தது. என்னவென்று உடனே பிடிபடவில்லை. எப்போதும் கம்புக்காடாகத் தெரிகிற வாசல் வெளிச்சமாக இருந்தது. உள்ளே அடுப்பு வரை கண்ணுக்குத் தெரிந்தது.

இடுப்பிலிருந்த குடத்தை அவள் மெதுவாக மணலில் இறக்கினாள். அது சத்தம் போட்டுவிடக் கூடாது என்று எதனாலோ தோன்றியது.

நீட்டுத் தளத்தின் கீழே ஓரத்தில் நாலைந்து கம்புகள்தான் நின்றன. நடுவில் ஒன்றும் இல்லை. இருந்த கம்புகளும் நேராக இல்லை. வில்லை வளைத்த மாதிரி வயிறு தள்ளிக்கொண்டு நின்றன. ஆப்புகள் மண்ணுக்குள் அமுங்கிப் போயிருந்தன. மேலே தளத்தின் முன்விளிம்பு, சுண்ணாம்பு நூல் பிடித்து நேர் பார்த்த விளிம்பு, ஒரு பக்கம் தொங்கியிருந்தது. தளமும் சுவரும் சேருகிற இடத்திலிருந்து பொடி மணல் கோடாக வழிந்துகொண்டிருந்தது. காற்றே இல்லை. ஆனாலும் வழிந்தது.

உள்ளே ரம்பம் அறுக்கிற சத்தம் கேட்டது.

அறைக்குள் முட்டுக்காரர் ஒரு நெட்டைக் கம்பைக் குறுக்கே போட்டு அறுத்துக்கொண்டிருந்தார். வெளித்தரை பள்ளம், அறைத்தரை மேடு. வெளிக்கம்பு அறைக்குள் நிற்காது; அறுத்தால்தான் நிற்கும். கம்பின் அடுத்த நுனியைப் பாப்பா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் காலடியில் அறுத்துப்போட்ட துண்டுகள் கிடந்தன. ஒரு நல்ல கம்பின்மேல் அவர் ரம்பம் வைத்து அவள் பார்த்ததே இல்லை. மற்றவன் வைத்தால் கெட்ட வார்த்தையில் திட்டுவார். அறுத்த கம்பு இனி வெளியே உதவாது. எடுத்த இடத்தில் திரும்ப வைக்க வழியே இல்லை.

அவளுக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. வெளியே தளம் விழப்போகிறது என்று சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தாள். சொன்ன மறுநொடி அவர் சுத்தியலை எடுத்துக்கொண்டு அதன் கீழேதான் ஓடுவார். கவிழ்கிற தளத்தைத் தோள் கொடுத்தாவது தாங்கப் பார்ப்பார். அவர் ஓடினால் பாப்பாவும் பின்னால் ஓடும். வேறு வழியும் இல்லை. வெளியே போக இருப்பது அந்த ஒரு வாசல்தான்.

நீட்டுத் தளத்தின் கீழே அவள் நுழைந்தாள். தலைக்குமேல் மரம் முனகுகிற மாதிரி ஒரு சத்தம். நிமிர்ந்து பார்க்காமல் நடந்து அறை வாசலில் நின்றாள்.

"என்னங்க."

"வந்துட்டியா? இதோ இது ஒண்ணு. இது நின்னுடுச்சுன்னா இன்னிக்கு எல்லாரும் நிம்மதியாத் தூங்கலாம்."

"ரிங்குவப் போலீஸ்காரங்க அடிச்சுப் போட்டுட்டாங்க."

ரம்பம் நின்றது.

"தெருமுனையில விழுந்து கிடக்கான். கால் ஊன முடியல."

"உள்ள கூட்டிட்டு வா" என்றார் அவர். "வெளிய இருக்கக் கூடாது. சீக்கிரம் உள்ள கூட்டிட்டு வா."

"என்னால ஒத்தையில தூக்க முடியுமா? எருமை மாதிரி வளந்து கெடக்கான்."

அவர் கண் கூரையைப் பார்த்தது, வாசலைப் பார்த்தது, திரும்பக் கூரைக்கே போனது. "நான் இங்க இல்லன்னா இது..." என்றார். முடிக்கவில்லை.

தலைக்குமேல் மறுபடியும் அந்த முனகல். என்ன பேசினாலும் இந்த மனிதர் காதில் ஏறாது. அப்போது அவளுக்கு வாயில் வந்தது வேலைத்தளத்தில் நாளெல்லாம் கேட்கிற சொல்தான். பளு தூக்குகிறபோது, தூக்கமுடியாமல் பாதியில் நிற்கிறவன் போடுகிற குரல். அதைக் கேட்டால் எவனும் எதையும் யோசிக்க மாட்டான். பீடியைக் கீழே போட்டுவிட்டு ஓடுவான்.

"கை புடிங்க" என்றாள். "அந்தப் பக்கம் ஆளில்ல. கை புடிங்க."

அவர் எழுந்துவிட்டார். எழுந்தது அவர் இல்லை, அவர் உடம்புதான். ரம்பம் கையிலிருந்து நழுவியது. சுத்தியல் மட்டும் இடுப்புவாரில் எப்போதும் போலத் தொங்கியது. கம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து வாசலுக்கு வந்தார். அவள் பாப்பாவை அள்ளி இடுப்பில் வைத்தாள். பாப்பா அப்பா முகத்தைப் பார்த்தாள், பேசாமல் வந்தாள்.

நீட்டுத் தளத்தின் கீழே பாதி வந்ததும் அவர் நின்றார். பழக்கம் விடுமா? வளைந்து நிற்கிற கம்பு ஒன்றில் கண் விழுந்தது. "இது யாரு இப்படி வெச்சது?" என்று குனிந்து ஆப்பின்மேல் கை வைக்கப் போனார்.

"கை புடிங்கன்னா" என்றாள் அவள். கத்தவில்லை, கெஞ்சவும் இல்லை. வேலைத்தளக் குரல்தான்.

அவர் கையை எடுத்துக்கொண்டு நடந்தார். மணல் வந்தது. தெரு வந்தது. வெயிலில் தெரு காலியாக நீண்டு கிடந்தது.

"எங்க மாப்ள? எங்க கிடக்கான்?"

"முனையில."

"முனையில யாரும் இல்லையே." திரும்பி அவளைப் பார்த்தார். அவளுக்கு அடுத்த பொய் வரவில்லை. அவர் முகம் மாறியது. "எதுக்கு வெளிய இழுத்துட்டு வந்த? பாப்பாவ வேற தூக்கிட்டு வந்திருக்க. உள்ள போ."

திரும்பி வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். அவள் அவர் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்தாள். சட்டை கிழிந்தது. கிழிந்த துணியைச் சேர்த்துப் பிடித்து இழுத்தாள். "விடு" என்றார். அந்த நேரம் கம்பு ஒன்று வெடித்தது.

வெடி வைத்த மாதிரி ஒரு சத்தம், உடனே இன்னொன்று. நீட்டுத் தளம் அவசரமே இல்லாமல், தூக்கக் கலக்கத்தில் தலை சாய்க்கிறவன் மாதிரி முன்னால் குனிந்தது. பிறகு மொத்தமாக வந்தது. தரை அவள் கால் வழியாகக் குலுங்கியது. புழுதி எழும்பி வாசல் இருந்த இடத்தை மூடிவிட்டது.

புழுதி மெல்ல அடங்கியது. பாப்பா அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்திருந்தாள். அழவில்லை. சத்தம் போட்டால் இன்னும் விழும் என்று நினைத்திருப்பாள்.

சித்தாள் மெதுவாகத் திரும்பிப் புருஷன் முகத்தைப் பார்த்தாள். கட்டட வேலையில் எத்தனையோ விபத்து பார்த்தவள் அவள். தன் கையால் ஒன்று விழுந்துவிட்டால் மனிதன் முகம் எப்படிச் செத்துப்போகும் என்று அவளுக்குத் தெரியும். அந்த முகத்துக்குத்தான் அவள் தயாராக இருந்தாள். இனி பக்கத்தில் உட்கார்ந்து, தலையைப் பிடித்து, பரவாயில்லைங்க, உயிர் தப்பிச்சதே என்று சொல்ல வேண்டும். அதற்கு ஒரு வார்த்தையைக்கூடத் தேடி வைத்திருந்தாள்.

அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பார்த்தியா?" என்றார். வாரக்கணக்கில் சுருங்கிக் கிடந்த முகம் அகலத் திறந்திருந்தது. "நான் சொன்னேன்ல. நான் சொன்னேன்ல, சத்தம் வேற மாதிரி இருக்குன்னு. யானை நடக்கும்னாங்களே."

"என்னங்க, அது..."

"எல்லாரும் சிரிச்சீங்க. உன் தம்பி சிரிச்சான். இப்பச் சிரிக்கச் சொல்லு." கண்ணில் தண்ணீர் வழிந்தது. "நெட்டை போன அன்னிக்கே எனக்குக் கேட்டுடுச்சு. நான் பைத்தியம் இல்ல. பார்த்தியா, நான் பைத்தியம் இல்ல."

அவள் வாயைத் திறந்தாள். அப்போது ரிங்கு பையோடு தெருமுனையிலிருந்து ஓடிவந்தான். அவன் இரண்டு காலும் நன்றாக இருப்பதை முட்டுக்காரர் கவனிக்கவே இல்லை. அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "மாப்ள, பார்த்தியாடா" என்றார். ரிங்கு அவர் தோளுக்குமேல் இடிபாட்டைப் பார்த்தான். உடைந்த கம்புகள் எத்தனை என்று கண்ணாலேயே தேடினான். கம்பிக்காரனுக்கு அது போதும். "மாமா, இங்க இருந்த கம்பெல்லாம்..." என்று ஆரம்பித்தான். சித்தாள் அவன் கையைப் பிடித்து நெரித்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

அந்தச் சத்தத்துக்கு, அத்தனை நாளாகப் பூட்டிக் கிடந்த கதவெல்லாம் திறந்தன. கேட்டைக் கழுவுகிற அம்மா ஈரக் கையோடு வந்து நின்றாள். இன்னும் யார் யாரோ வந்தார்கள். எல்லோர் முகத்திலும் அரை முகம் துணி. எட்ட எட்ட நின்றார்கள். யாருக்காவது அடி பட்டதா என்று ஒருவர் கேட்டார். முட்டுக்காரர் புழுதித் தலையோடு தெரு நடுவில் நின்று, தனக்கு எப்படி முன்கூட்டியே தெரிந்தது, உள்ளே தான் கொடுத்த முட்டுதான் மிச்ச வீட்டைத் தாங்கி நிற்கிறது என்று சொன்னார். தெளிவாகச் சொன்னார். வேலை தெரிந்த மனிதன் பேச்சு. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். சித்தாள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொருத்தராகத் திரும்பித் தங்கள் வீட்டு வாசலுக்குமேல் பார்த்தார்கள்.

நடைராசாவும் இறங்கி வந்திருந்தார். கிட்டத்தில் பார்க்க வயசு அதிகமில்லை. தாடிதான் அப்படிக் காட்டியிருக்கிறது. "அண்ணே" என்றார். பேசிப் பழக்கம் விட்டுப்போன குரல். "எங்க வீட்டையும் கொஞ்சம் தட்டிப் பார்த்துச் சொல்றீங்களா? எனக்கும் ராத்திரியில என்னமோ கேக்குது."

"வேணாங்க" என்றாள் சித்தாள். "உங்க வீடு நல்லா இருக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டுமானால் இது எப்படி விழுந்தது என்று சொல்ல வேண்டும். புருஷன் முன்னால், பாப்பா முன்னால், தெரு முன்னால். அவள் நின்றாள். அதற்குள் முட்டுக்காரர் இடுப்பிலிருந்து சுத்தியலை உருவி எதிர்வீட்டுப் படி ஏறிவிட்டார்.

"அக்கா, சொல்லிடு" என்றான் ரிங்கு. "இப்பச் சொல்லலன்னா தெரு முழுக்க முட்டுக் குடுப்பாரு."

"சொன்னா?"

"சொன்னா என்ன, உண்மையத்தான சொல்ற."

"சொன்னா இவரு எங்கடா நிப்பாரு?"

எதிர்வீட்டுக்குள்ளிருந்து தட்டுகிற சத்தம் வந்தது. தட்டி, நிறுத்தி, மறுபடியும் தட்டி.

அவள் பாப்பாவைத் தம்பியிடம் கொடுத்தாள். சொல்லித்தான் ஆக வேண்டும் என்று முடிவு பண்ணிக்கொண்டு தெருவைக் கடந்தாள். அடுத்தவர் வீட்டுக்குள் காலெடுத்து வைத்து எத்தனை காலம் ஆகிறது என்று தெரியவில்லை; படியேறும்போது உடம்பு கூசியது. உள்ளே நல்ல வீடு. வழவழப்பான தரை, வெள்ளைக் கூரை, ஒரு விரிசல் இல்லை. கூடத்தின் நடுவே நாற்காலி போட்டு அதன்மேல் முட்டுக்காரர் நின்றார். காதைக் கூரையோடு ஒட்டி, கண்ணை மூடியிருந்தார். கீழே நடைராசா இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சாமியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"என்னங்க" என்றாள் சித்தாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவர் கண் திறக்கவில்லை. உதட்டின்மேல் விரலை வைத்தார்.

"உஷ். கேக்குது."

நடைராசா மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவளும் அசையாமல் நின்றாள். நின்றவள் தன்னை அறியாமல் முகத்தை மேலே தூக்கி, அந்த வெள்ளைக் கூரைக்குக் காதைக் கொடுத்துக் கேட்க ஆரம்பித்தாள்.